மேற்கத்தியச் செவ்விசை கேட்க ஆசையா? பாலேயிலிருந்து தொடங்குங்கள்

கச்சேரியும் கல்யாண வீட்டு நாகஸ்வரமும் கேட்டுப் பழகிய காதுக்கு மேற்கத்தியச் செவ்விசை முதலில் பிடிபடாது. பெரும்பாலோர் பேர்பெற்ற சிம்ஃபனி (நீண்ட வாத்திய இசைப் படைப்பு) ஒன்றைப் போட்டுவிட்டு நாற்பது நிமிடம் பொறுமையாக உட்கார்ந்து பார்க்கிறார்கள். பத்தாவது நிமிடத்தில் பிடி நழுவுகிறது. ‘இது நமக்கு ஒத்துவராது’ என்று அதோடு விட்டுவிடுகிறார்கள். அவர்கள் காதில் ஒரு குறையும் இல்லை, நுழைந்த வழிதான் தவறு.

பாலே என்பது ஐரோப்பிய மேடை நடனம். ஆடுவதற்கென்றே எழுதியதால் அதன் இசை பெரும்பாலும் ஒரு நிமிடம் முதல் ஏழு நிமிடம் வரையான துண்டுகளாகப் பிரிந்திருக்கும். தாளம் தெளிவாகக் கேட்கும். ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் ஒரு காட்சி இருக்கும். பரதநாட்டியத்தில் ஜதீஸ்வரம், பதம், தில்லானா என்று உருப்படி பிரிவது போலத்தான் இதுவும். தினம் அரை மணி நேரம் ஒதுக்கினால் கீழே சொல்லும் வரிசையை ஆறு வாரத்தில் முடிக்கலாம். கர்நாடக சங்கீதம் முறையாகப் படித்திருக்க வேண்டியதில்லை. ஸ ரி க ம பாடத் தெரிந்தால் கூடுதல் வசதி.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் காரைக்குடிப் பக்கத் திருவிழாவில் ‘ஆர்கெஸ்ட்ரா’ என்றால் மெல்லிசைக் கச்சேரி. இந்தக் கட்டுரையில் வரும் ஆர்கெஸ்ட்ரா, அறுபது முதல் நூறு பேர் வரை ஒலிபெருக்கி இல்லாமல் எழுதிவைத்த ஸ்வரங்களை வாசிக்கும் குழு. மனோதர்மமாக அந்தந்த நேரத்தில் கற்பனை செய்து வாசிப்பது கிடையாது. ஒரு பதிவுக்கும் இன்னொன்றுக்கும் வேகமும் தொனியும்தான் மாறும்.

1. கேட்கும் இடத்தை முதலில் சரிசெய்யுங்கள்

செட்டிநாட்டு வீடு கண்ணுக்கு அழகு, ஆனால் ஆர்கெஸ்ட்ராவுக்கு எதிரி. ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, வெள்ளைக்கரு கலந்து மெழுகிய வழவழப்பான சுவர், உயர்ந்த கூரை எல்லாமே ஒலியை வாங்கிக்கொள்ளாமல் திருப்பியடிக்கும். வளவு எனும் உள்முற்றத்திலோ பட்டாலைக் கூடத்திலோ ஸ்பீக்கரை வைத்துப் போட்டால் ஒரு ஸ்வரம் அடங்கும் முன் அடுத்தது வந்து மேலே விழும். ஒற்றைக் குழல் தனியாக வரும் இடம் இனிமையாகத்தான் இருக்கும். அறுபது பேர் சேர்ந்து வாசிக்கும் இடமோ வெறும் இரைச்சலாகிவிடும். இசையே அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஓரத்து அறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் கனமான ஜமக்காளம், ஒரு சுவரோரம் மெத்தை, சன்னலுக்குத் திரை போதும். அறை நடுவில் நின்று கைதட்டிப் பாருங்கள். தட்டலுக்குப் பின் ‘ணங்’ என்று ஒரு நீட்சி கேட்டால் இன்னும் ஒரு மெத்தையோ போர்வையோ தேவை. ஸ்பீக்கரை மூலையில் வைக்காமல் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள். அறை கிடைக்காவிட்டால் இயர்போன் போதும்.

பேருந்தில் கேட்பதைத் தவிருங்கள். காரைக்குடி–தேவகோட்டை பயணத்தில் ஒரு தொகுப்பு (பாலேவிலிருந்து பொறுக்கிச் சேர்த்த துண்டுகள்) முழுதும் கேட்டுவிடலாம்தான். ஆனால் மெல்லிய இடமெல்லாம் என்ஜின் சத்தத்தில் அமுங்கிப்போகும். ஒலியைக் கூட்டுவீர்கள், அடுத்த நிமிடம் பித்தளைக் குழல்கள் எல்லாம் சேர்ந்து காதில் அறையும். நம் திரைப்பாட்டில் ஒலியளவு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். இதில் மெல்லியதற்கும் பலத்ததற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. எந்தப் பதிவானாலும் முதலில் கடைசி நிமிடத்துக்கு இழுத்துப்போய், அங்கே காதுக்கு இதமாக ஒலியளவை வைத்துவிட்டு, அதன் பிறகு தொடக்கத்துக்கு வாருங்கள்.

2. சாதனம், செலவு

கம்பி இயர்போன் ஒன்று ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கினால் போதும். ‘எக்ஸ்ட்ரா பேஸ்’ என்று போட்டிருப்பதை வாங்காதீர்கள். அடித்தந்திகளின் ஒலி வீங்கி வயலினை மூடிவிடும்.

டேட்டா செலவு பயப்படும் அளவுக்கு இல்லை. நொடிக்கு 96 கிலோபிட் தரத்தில் மணிக்கு 43 எம்.பி., 160-இல் 72 எம்.பி., 320-இல் 144 எம்.பி. ஆகும். முதல் மாதத்துக்கு 160 தாராளம். வீடியோ பல மடங்கு இழுக்கும், அதற்கு வைஃபை இருக்கும் இடத்தைப் பாருங்கள்.

முதல் இரண்டு வாரம் காசு கட்டாதீர்கள். யூடியூபில் தொகுப்பு முழுதும் ஒரே வீடியோவாக இருப்பதைத் தேடி எடுங்கள். தனித்தனித் துண்டாக இருந்தால் நடுநடுவே விளம்பரம் புகுந்து ஓட்டத்தைக் குலைக்கும். பழக்கம் பிடித்தபின் ஏதாவது ஓர் இசைச் செயலிக்கு ஒரு மாதம் மட்டும் சந்தா கட்டுங்கள். ஆண்டுச் சந்தாவுக்கு அவசரமே இல்லை.

அழகப்பா பல்கலைக்கழகத்திலோ சுற்றியுள்ள கல்லூரிகளிலோ படிப்பவர்கள் மாணவர் சந்தா இருக்கிறதா என்று பாருங்கள், கணிசமாகக் குறையும். செல்லுபடித் தேதி தெரியும் அடையாள அட்டை, நடப்பு ஆண்டுக் கட்டண ரசீது இரண்டையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கட்டும். அட்டையில் இனிஷியலும் கணக்கில் அப்பா பெயர் முழுதுமாக இருந்தால் திருப்பி அனுப்பிவிட வாய்ப்பு உண்டு.

செயலியின் அமைப்புகளில் மூன்றை மாற்றுங்கள். ஷஃபிளை அணையுங்கள். கிராஸ்ஃபேடைச் சுழியத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு துண்டின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியை அணையுங்கள், அது இருந்தால் மெல்லியதற்கும் பலத்ததற்கும் உள்ள வித்தியாசம் குறைந்துபோகலாம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பித்தளைப் புனல் வைத்த கிராமபோனைப் பார்த்து மனம் தடுமாறலாம். அலங்காரத்துக்கு வாங்குங்கள், பாலே கேட்க அல்ல. 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம்தான் கொள்ளும். ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி வேண்டும். அந்த எஃகு ஊசியின் கீழே நீளமான எல்.பி. தட்டை வைத்தால் ஒரே ஓட்டத்தில் பள்ளம் கீறிப்போய் தட்டு பாழாகிவிடும்.

3. கையில் இரண்டு தாள்

ஒன்று, கதைச் சுருக்கம். காட்சி வாரியாக ஒரு பக்கம் போதும். மற்றொன்று, துண்டுகளின் பட்டியல், பெயரும் நிமிடமும் போட்டு. கையாலேயே எழுதுங்கள். அச்சிட்டதைவிடக் கையால் எழுதியதுதான் கேட்கும்போது நினைவுக்கு வரும்.

பதிவைத் தேடும்போது ஓபஸ் எண்ணைப் பாருங்கள். படைப்புகளுக்குக் கொடுக்கும் வரிசை எண் அது, நிலத்துக்குச் சர்வே எண் மாதிரி. ‘நட்கிராக்கர்’ ஓபஸ் 71 என்றால் முழு பாலே, ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி வரும். 71-ஏ என்றால் இருபத்துச் சொச்ச நிமிடத் தொகுப்பு. இதில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம்.

நட்கிராக்கரை எழுதிய ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியின் பெயரை ஆங்கிலத்தில் ‘டி’ எழுத்தில் தொடங்கி எழுதுவதும் உண்டு, ‘சி’யில் தொடங்கி எழுதுவதும் உண்டு. இரண்டிலும் தேடுங்கள். ஆர்கெஸ்ட்ராவை முன்னின்று நடத்தும் நடத்துநரின் பெயரும் ஆர்கெஸ்ட்ராவின் பெயரும் போடாத பதிவைத் தொடவே வேண்டாம். ‘தூக்கத்துக்கு’, ‘குழந்தைக்கு’ என்று வரும் தொகுப்புகளில் பாதி, கீபோர்டில் வாசித்து நறுக்கியவை.

4. முதல் இரண்டு வாரம்: நட்கிராக்கர்

சாய்கோவ்ஸ்கி, 1892. தொகுப்பில் எட்டுத் துண்டுகள் இருக்கின்றன. வரிசைப்படி கேட்க வேண்டாம், இப்படிப் போங்கள்.

முதல் நாள் ‘ட்ரெபாக்’ என்ற ரஷ்ய நடனம். ஒரு நிமிடமும் கொஞ்சமும்தான். மூன்று முறை கேளுங்கள். முதல் முறை ‘தக திமி’ என்று கைதட்டிக்கொண்டே போகலாம். இரண்டாம் முறை டாம்பரினின் சலங்கைச் சத்தத்தைத் தேடுங்கள். மூன்றாம் முறை கடைசிப் பகுதியில் வேகம் எந்த இடத்தில் ஏறத் தொடங்குகிறது என்று பிடியுங்கள். அங்கே உங்கள் கைத்தாளம் பிந்திவிடும். பிந்தினால்தான் சரியாகக் கேட்கிறீர்கள் என்று அர்த்தம்.

அடுத்து ‘சுகர் பிளம் ஃபேரி’யின் நடனம். மணி மாதிரி ஒலிப்பது செலெஸ்டா. பார்க்கச் சின்ன பியானோ போலிருக்கும், உள்ளே எஃகுத் தகடுகளைச் சுத்தி தட்டும். அதற்குக் கீழ்ஸ்தாயியில் பதில் சொல்லி இறங்குவது பேஸ் கிளாரினெட் என்ற தாழ்குரல் குழல். அந்தப் பதிலை மட்டும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள்.

பிறகு அரபு நடனம். சொந்த ஊரில் இருப்பது போன்ற உணர்வு உங்களுக்கு இங்கேதான் வரும். வயலினைவிடப் பெரிய தந்தி வாத்தியங்களான வயோலாவும் செல்லோவும் ஸ–ப ஜோடியை விடாமல் மீட்டிக்கொண்டே இருக்கும், தம்புரா போல. அதன்மேல் மெட்டு மிதக்கும். கண்ணை மூடி ஸட்ஜத்தைப் பிடித்து முணுமுணுத்துக்கொண்டே கேளுங்கள். துண்டு முழுதும் அது உங்களைக் கைவிடாது.

‘பூக்களின் வால்ட்ஸ்’ ஏழு நிமிடம். தொடக்கத்தில் யாழ் போன்ற ஹார்ப் தனியாக நீளமாக வாசிக்கும். அங்கே தாளம் போடாதீர்கள். ஹார்ன் என்ற பித்தளைக் குழல்கள் மெட்டை எடுத்த பிறகு ஒன்று–இரண்டு–மூன்று என்று, ஒன்றில் அழுத்தி எண்ணுங்கள்.

இந்த நான்கும் பழகியபின் தொகுப்பை முழுதாகப் போடுங்கள். அதை முடித்தபின் முழு பாலேவிலிருந்து ஒரு துண்டை மட்டும் தனியாகத் தேடி எடுங்கள். அது ‘பா த தூ’ என்ற இருவர் நடனத்தின் தொடக்கம், தொகுப்பில் கிடையாது. ஹார்ப் அலையலையாக வர, செல்லோக்கள் மேல் ஸட்ஜத்திலிருந்து கீழ் ஸட்ஜம் வரை ஒரு ஸ்வரம் விடாமல் இறங்கும்: ஸ் நி த ப ம க ரி ஸ. சங்கராபரண அவரோகணம், அவ்வளவுதான். கமகம் இல்லை, அலங்காரம் இல்லை. ஒரு வெற்று அவரோகணத்தால் நெஞ்சை இப்படி அடைக்க முடியுமா என்று தோன்றும். மெட்டு அதே எட்டு ஸ்வரத்தில் இறங்க, கீழே சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள் மாறிக்கொண்டே போவதுதான் காரணம். மேற்கத்திய இசையில் ‘ஹார்மனி’ என்பது என்ன என்று விளக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஐந்து கட்டையில் (மேற்கத்திய ‘ஜி’) சுருதி வைத்துக் கூடவே பாடிப் பாருங்கள்.

5. மூன்றாம் வாரம்: போலேரோ, சுருதிப் பெட்டியோடு

நம் காது இந்த இசையில் தடுக்கி விழும் முக்கியமான இடம் ஒன்று உண்டு: ஆதார ஸட்ஜம் நடுவில் இடம் மாறும். கச்சேரியில் தம்புரா தொடங்கினால் முடியும்வரை அதே சுருதி. இங்கே ஒரே படைப்பில் பல முறை மாறலாம். அதைப் பழகாமல் மேலே போனால் எல்லாமே ‘சுருதி சேராத’து போலத் தோன்றும். பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவேல் 1928-இல் பாலேவுக்காக எழுதிய போலேரோ இதற்கு அருமையான பயிற்சி.

கைபேசியில் சுருதிப் பெட்டிச் செயலியை ஒன்றாம் கட்டையில் (மேற்கத்திய ‘சி’) மெதுவாக ஓடவிடுங்கள். ஏறத்தாழ பதினைந்து நிமிடப் பதிவைப் போடுங்கள். பக்கவாட்டு டிரம் இப்படித் தொடங்கும்:

தா தகிட தா தகிட தா தா
தா தகிட தா தகிட தகிட தகிட

இந்த இரண்டு வரி கடைசி வரை 169 முறை வருகிறது. வாயால் சொல்லிப் பழகுங்கள், ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். ‘தா’ ஒரு பங்கு நேரம், ‘தகிட’ மூன்றும் சேர்ந்து அதே ஒரு பங்கு. ‘தகிட’வை நீட்டினால் தாளம் நழுவும்.

மெட்டு இரண்டே இரண்டு. முதல் மெட்டு இரண்டு முறை, பிறகு இரண்டாவது இரண்டு முறை என்று சுற்றிவரும். ஒவ்வொரு முறையும் வேறு வாத்தியம்: முதலில் புல்லாங்குழல், பிறகு கிளாரினெட், அதன்பின் பஸூன் என்ற கனத்த குரல் குழல். முதல் மெட்டு சங்கராபரண ஸ்வரங்களுக்குள்ளேயே நிற்கும். இரண்டாவதில் கைசிகி நிஷாதமும் சுத்த ரிஷபமும் வந்து சாயல் மாறும். ஆனால் ஆதாரம் அதே ஒன்றாம் கட்டைதான். நடுவில் ஓரிடத்தில் சின்னக் குழல்கள் வேறு சுருதியில் ஒட்டிக்கொண்டு வரும், பதிவில் பிழையோ என்று நினைக்காதீர்கள், எழுதியதே அப்படித்தான்.

கடைசி ஒரு நிமிடத்துக்குள் ஆர்கெஸ்ட்ரா முழுதும் மூன்று கட்டைக்குத் தாவும். உங்கள் சுருதிப் பெட்டி அப்போது கரகரவென்று உரசும். எட்டுத் தாள வட்டம் கழித்து மறுபடி ஒன்றாம் கட்டைக்கே திரும்பிவிடும். அந்த உரசலையும் திரும்பிவரும் நிம்மதியையும் ஒருமுறை உணர்ந்துவிட்டால், பிறகு எந்த மேற்கத்திய இசையிலும் ஸட்ஜம் நகர்வது உங்களுக்குத் தானாகத் தெரியும். இந்த வாரத்தை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

6. நான்காம் வாரம்: ஸ்வான் லேக், இசையைக் கண்ணாலும்

இதுவும் சாய்கோவ்ஸ்கியின் பாலேதான். முதலில் ஓபஸ் 20-ஏ தொகுப்பின் முதல் துண்டைக் கேளுங்கள். தந்திகள் நடுங்க, ஹார்ப் ஓட, ஓபோ தனியாக மெட்டை எடுக்கும். ஓபோவுக்கும் நாகஸ்வரம் போல இரட்டைச் சீவாளிதான், அதனால்தான் அந்தக் குரல் நமக்கு அந்நியமாகப் படுவதில்லை. மெட்டு நடபைரவி, கீரவாணி பக்கம் சாய்ந்தாற்போல இருக்கும். ராகம் என்று பெயர் வைத்துவிடாதீர்கள். பிடியும் கமகமும் இல்லாத வெறும் ஸ்வர வரிசை அது. அடுத்து நான்கு அன்னக்குஞ்சுகளின் நடனம், ஒன்றரை நிமிடம். பஸூன் எட்டுவைத்து நடக்க அதன்மேல் ஓபோக்கள் ஓடும்.

பிறகு வீடியோ. முழுதும் பார்த்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும், முதலில் ஏரிக் காட்சியை மட்டும் பாருங்கள். சில குழுக்கள் அதை இரண்டாம் அங்கம் என்பார்கள், சில குழுக்கள் முதல் அங்கத்தின் இரண்டாம் காட்சி என்பார்கள். எண்ணை நம்பாமல் ஏரியைத் தேடுங்கள்.

பதிவில் உள்ள வரிசையும் மேடையில் உள்ள வரிசையும் ஒத்துப்போகாது. சாய்கோவ்ஸ்கி எழுதியது 1877-இல் மேடையேறியது. இன்று பெரும்பாலும் ஆடுவது 1895-இல் மாற்றியமைத்த வடிவம். கறுப்பு அன்னத்தின் புகழ்பெற்ற இருவர் நடனத்துக்கான இசை, மூலத்தில் முதல் அங்கத்தில் இருந்தது. மேடையில் மூன்றாவதில் வரும். கையில் பட்டியலை வைத்துக்கொண்டு ‘காணோமே’ என்று தேடினால் நேரம்தான் வீணாகும்.

7. ஐந்து, ஆறாம் வாரம்

புரோகோஃபியேவின் ‘ரோமியோ ஜூலியட்’டில் ‘வீரர்களின் நடனம்’. இதே இசை இரண்டாம் தொகுப்பில் ‘மாண்டேகுகளும் கேபுலெட்டுகளும்’ என்ற பெயரில், முன்னால் செவியைப் பிளக்கும் ஸ்வரக் கூட்டுகளோடு தொடங்கும். மெட்டு உடனே வரவில்லையே என்று மாற்றிவிடாதீர்கள்.

ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘ஃபயர்பர்ட்’ (1910) கேட்க 1919-ஆம் ஆண்டுத் தொகுப்பே போதும். மென்மையான இளவரசிகள் நடனம் முடிந்ததும் எச்சரிக்கை இல்லாமல் ஒரே அடியாக ஆர்கெஸ்ட்ரா முழுதும் இடிக்கும். இயர்போனில் கேட்பவர்கள் ஒலியை முன்பே குறைத்துக்கொள்ளுங்கள். இறுதித் துண்டில் ஹார்ன் எடுக்கும் மெட்டு, பின்னர் ஏழு எண்ணிக்கைக்கு மாறும். மிஸ்ர சாபு பழகிய கைக்கு இது சுலபம். இந்த ஒரு விஷயத்தில் நமக்கு ஐரோப்பிய ரசிகரைவிட வசதி அதிகம்.

அதே இசையமைப்பாளரின் ‘ரைட் ஆஃப் ஸ்பிரிங்’ (1913) ஆறு வாரம் முடிந்த பிறகுதான். அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், அழுத்தம் விழும் இடம் சீராகவே இருக்காது. முதலில் இதைக் கேட்டுவிட்டு ஓடிப்போனவர்கள் நிறைய.

‘லா பயதேர்’ இந்தியக் கோயில் நடனப் பெண்ணின் கதை என்று ஆவலோடு தேடுவீர்கள். மின்குஸ் எழுதிய அந்த இசையில் இந்தியாவின் சாயலே இல்லை, வியன்னா வால்ட்ஸ் வகைதான். நடனத்துக்காகப் பாருங்கள்.

8. நேரில் கேட்கப் போவதானால்

மும்பை நரிமன் பாயிண்டில் உள்ள என்.சி.பி.ஏ. (தேசிய நிகழ்த்துகலை மையம்) அரங்கில் 2006-இல் தொடங்கிய சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா வாசிக்கிறது. நிகழ்ச்சிப் பட்டியலில் மேலே சொன்ன படைப்புகள் ஏதாவது வரும்போது போவது நல்லது. காரைக்குடியிலிருந்து மதுரையோ திருச்சியோ போய் விமானம் ஏற வேண்டும், டிக்கெட்டைவிடப் பயணமும் தங்குவதும்தான் செலவு.

பாலே நிகழ்ச்சி என்றால் பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: ஆர்கெஸ்ட்ரா நேரில் வாசிக்கிறதா, பதிவிசையா? சுற்றுப்பயணக் குழுக்கள் பதிவிசைக்கு ஆடுவது சகஜம். அறிவிப்பில் சொல்லாவிட்டால் பதிவிசை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். தொடங்கியபின் கதவைச் சாத்திவிட்டால் துண்டு முடியும்வரை வெளியேதான் நிற்க வேண்டும். ஆர்கெஸ்ட்ரா கச்சேரியில் துண்டுகளுக்கு நடுவே கைதட்டும் வழக்கம் இல்லை. நடத்துநர் கையை இறக்கி நம் பக்கம் திரும்பும்வரை காத்திருங்கள். பாலேவில் அப்படி இல்லை, ஒருவர் தனியாக ஆடி முடித்ததும் தட்டலாம்.

சென்னையில் நிகழ்ச்சி இருந்தால் பல்லவன் எக்ஸ்பிரஸ் வசதி. விடியற்காலையில் காரைக்குடியில் ஏறினால் நண்பகலில் எழும்பூர். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். அசல் அடையாள அட்டை வேண்டும். திரும்புவதில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். காரைக்குடி வழியாக ராமேஸ்வரம் போகும் இரவு ரயில்கள் எழும்பூரிலிருந்து மாலையிலேயே கிளம்பிவிடும், கச்சேரி முடிந்து வந்து பிடிக்க முடியாது. இரவு தங்கிவிட்டு மறுநாள் பிற்பகல் பல்லவனிலேயே வாருங்கள். அன்றே ஊர் திரும்பியாக வேண்டுமென்றால், கச்சேரி டிக்கெட் எடுக்கும்போதே பின்னிரவில் கிளம்பும் ஆம்னி பஸ்ஸில் ஓர் இருக்கையும் போட்டுவிடுங்கள்.